அப்பாக்களின் வக்கீல்

எங்கள் கூட்டத்தில் எந்த அப்பாவுக்கும் தண்டனை கிடைத்ததில்லை. அண்ணாச்சி விடமாட்டார்.

கூட்டம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பம்பாய் மாதுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்து மாடி வகுப்பறை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் இடிக்க நாங்கள் பத்துப் பேர். மழை என்றால் ஐந்து பேர். அவரவர் எழுதிய கவிதையை வாசித்து, அதைப் பிய்த்துப் போட்டுப் பேசிவிட்டு, காபி குடித்துக் கலைவோம். வீட்டில் கேட்டால் 'சங்கத்துக்குப் போகிறேன்' என்று சொல்வேன். சங்கமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் நான் வாரம் பூராவும் ஆபீசைப் பொறுத்துக்கொண்டேன்.

ஒரு விதி மட்டும் கறாராக வைத்திருந்தோம். தாளில் எழுதியவர் பெயர் இருக்காது. எல்லாரும் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. 'இது உங்க வீட்டுல நடந்ததா?' என்று யாரும் கேட்கவே கூடாது. பம்பாய்த் தமிழர்கள் எப்படியோ ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். இந்த விதி இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக் கவிதை புதன்கிழமை ஏதாவது ஒரு வளைகாப்பு வீட்டில் வம்பாகிவிடும்.

இளசுகளில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர்கள் கவிதையை வாயால் சொல்லி வாட்ஸப்பில் எனக்கு அனுப்புவார்கள். நான் அதை டைப் அடித்து ஜெராக்ஸ் எடுத்து வருவேன். எழுதியது யார் என்று எனக்குத் தெரிந்துவிடுவதால் அந்தக் கவிதையைப் பற்றி நான் பேசக் கூடாது. உரக்க வாசிப்பது அண்ணாச்சி. அவருடைய குரலில் வாசித்தால் பால் கணக்குக்கூடக் கவிதையாகிவிடும்.

அண்ணாச்சிக்குத் தாராவியில் பாத்திரக்கடை. திருநெல்வேலிப் பக்கம் தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவரை மாமனார் கடைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். கடையில் ஒரு குடத்தை வாங்கினால் விரல் முட்டியால் அதைத் தட்டிக் காட்டித்தான் தருவார். கவிதையையும் அப்படியே ஒவ்வொரு வரியாகப் பெஞ்சில் தட்டிக்கொண்டே போவார். எங்கேயாவது ஓர் அப்பா வந்துவிட்டால் போதும், நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

ஒரு தடவை ஒரு கவிதையில், அப்பா மகனுடைய கிடாரை மூன்றாம் மாடியிலிருந்து கீழே எறிகிறார். நாங்கள் எல்லாரும் அந்த அப்பாவைக் கிழித்துத் தோரணம் கட்டினோம். அண்ணாச்சி கடைசியாகப் பேசினார்.

"எறியதுக்கு முன்னால என்ன பண்ணுதான்? கீழ எட்டிப் பாக்கான். ஆள் நடமாட்டம் இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டுல்லா எறியுதான். நிதானம் இருக்கு. நிதானம் இருக்கிற எடத்துல பாசமும் இருக்கும். நீங்க கிடாரைப் பாக்கியோ, நான் அந்த எட்டிப் பாத்ததப் பாக்கேன்."

எல்லாரும் சிரித்துவிட்டோம். சிரித்தாலும், அந்த அப்பாவின் மேல் இருந்த கோபம் எங்கள் கையைவிட்டு நழுவிப் போயிருந்தது.

இன்னொரு கவிதை வடாலாத் தம்பி எழுதியது. அவன் பெயர் எதற்கு, எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். மகனைக் காலேஜ் ஹாஸ்டலில் விடப்போகும் அப்பா ராத்திரி முழுக்க ரயிலில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறார். கல்நெஞ்சு என்றோம். அண்ணாச்சி பெஞ்சைத் தட்டினார். "பெட்டி யார் கையில இருக்கு? ஸ்டேஷன்லேர்ந்து மூணாவது மாடி வரைக்கும் பெட்டி அப்பன் கையிலதான இருக்கு? பேசணும்னு நீங்க எதிர்பாக்கியோ. அவன் தூக்கிட்டு வாரான்." வடாலாத் தம்பி விதிப்படி வாயைத் திறக்கவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது. கீழே இறங்கியதும் ஓரமாகப் போய் அப்பாவுக்குப் போன் போட்டான். இப்படியெல்லாம் நடந்ததால்தான் எங்களுக்கு அண்ணாச்சியை அவ்வளவு பிடித்திருந்தது. நாங்களும் கொஞ்சம் கொஞ்சமாக அவரைப் போலவே வாசிக்கப் பழகினோம். எந்த அப்பா வந்தாலும், எங்கே பாசம் ஒளிந்திருக்கிறது என்று தேட ஆரம்பித்தோம்.

ஆனால் பெல்ட் கவிதையையும் சொல்லத்தான் வேண்டும்.

அதை எழுதியவர் ஒரு ஃபாக்டரியில் சூப்பர்வைசர். அமைதியான மனிதர். கவிதையில் ஆணியில் ஒரு பெல்ட் தொங்கும். அப்பா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதைத் தொட்டுவிட்டுப் போவார். மகன் பாடம் படித்துக்கொண்டிருப்பான். அவ்வளவுதான் கவிதை. அண்ணாச்சி சொன்னார்: "தொங்கிட்டுத்தான இருக்கு? எடுக்கலையே. தொட்டுட்டு விட்டுட்டுப் போறான் பாருங்க, அங்கதான் அந்த மனுசனோட கட்டுப்பாடு இருக்கு." எல்லாரும் தலையாட்டினோம். எழுதியவர் பேசும் முறை வந்தது. "எடுத்தாரு அண்ணாச்சி. அத என்னால எழுத முடியல" என்றார். தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனவர், அதன் பிறகு வரவே இல்லை.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கவிதைல இல்லாதத நான் எப்படிம்மா படிக்க?" என்று என்னிடம்தான் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனாலும் எனக்கு அன்று அவர்மேல் கோபம் வந்தது. ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் காபி குடிக்கும்போது கேட்டேவிட்டேன்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு அப்பாவையாவது தப்புன்னு சொல்லுங்களேன். ஒருத்தர்கூடவா தப்புப் பண்ணல?"

"சொல்லதுக்குத்தான் ஊரே இருக்கே யம்மா. எழுதுதவன் எல்லாம் மகன். கேக்கவன் எல்லாம் மகன். அப்பனுக்கு யாரு வக்கீலு?"

"வக்கீல் ஃபீஸ் யார் தர்றா உங்களுக்கு?"

நான் வேடிக்கையாகத்தான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. காபி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். பிறகு ரயில் வந்துவிட்டது என்றார். வந்திருக்கவில்லை.

அவருக்கு ஒரே மகன். தாணேயில் ஃப்ளாட் வாங்கிப் போய்விட்டான். சண்டை ஒன்றும் கிடையாது. பொங்கலுக்கு வருவான், சாப்பிடுவான், செல்போனைப் பார்ப்பான், போய்விடுவான். அண்ணாச்சியின் மனைவி இறந்த பிறகு அந்த வருகையும் சுருங்கிவிட்டது. மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் அண்ணாச்சியைப் பிடிக்க முடியவில்லை. வெள்ளிச் சங்கு வாங்கிவிட்டேன், தொட்டில் கம்பி பார்த்துவிட்டேன் என்று பூரித்துப் போனார். குழந்தை பிறந்து கொஞ்ச நாள் தாராவியில் தன்னோடு இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. "பய இன்னும் ஒண்ணும் சொல்லல" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும்.

ஒரு நாள் ஆபீசிலிருந்து திரும்பும்போது எனக்குப் போன் வந்தது.

"ஆன்ட்டி, பாத்திரக்கடை அண்ணாச்சி மகன் பேசுறேன். என்கிட்ட ஒரு கவிதை இருக்கு. மத்லப்... அதாவது, கவிதையான்னு தெரியல. நீங்கதான் டைப் பண்ணுவீங்கன்னு அப்பா சொல்லிருக்காரு. ஞாயித்துக்கிழமை அதை அவரே படிக்கணும். யார் எழுதினதுன்னு சொல்லக் கூடாது. அதான உங்க ரூல்?"

"உங்க அப்பாவப் பத்தியா?"

"கேக்கக் கூடாதுன்னுதான ரூல்?" என்றான். பிறகு அவனே சொன்னான். "சின்ன வயசுல ட்ரெயின்ல ஒண்ணு நடந்துச்சு ஆன்ட்டி. கூட்டத்துல நான் நசுங்கிறக் கூடாதுன்னு அப்பா என்னை அணைச்சுக்கிட்டாருன்னு அம்மா சொல்லுவாங்க. இருக்கலாம். ஆனா இன்னைக்கும் டீ-ஷர்ட் கழட்டும்போது துணி மூஞ்சில மாட்டிக்கிச்சுன்னா கிழிச்சாவது வெளிய வந்துடுறேன். எது நிஜம்னு எனக்குத் தெரியல."

"நேராக் கேட்டுட வேண்டியதுதானேப்பா?"

"கேட்டேன். கடையில கஸ்டமர் நிக்காங்க, அப்புறம் பேசுவோம்னாரு. அன்னைக்குக் கடை லீவு, ஆன்ட்டி." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஒய்ஃபுக்கு எட்டாம் மாசம். பாப்பாவ அங்க கொண்டு வா, என்கிட்ட விட்டுட்டு நீங்க வேலைக்குப் போங்கன்னு சொல்லிட்டே இருக்காரு. விடலாமா வேண்டாமா? எனக்கு அது தெரியணும். கவிதைன்னா அப்பா பேசுவாருல்ல?"

பேசுவார். என்ன பேசுவார் என்பதும் எனக்குத் தெரியும். அவர் எந்த அப்பாவையும் விடுதலை செய்துவிடுவாரே. மகனுக்கு முன்னாலேயே, மகன் எழுதியதை வைத்தே, அழகாகப் பேசித் தன்னையும் விடுவித்துக்கொண்டுவிட்டால் இவன் என்ன செய்வான்? எனக்கு இந்த வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட நினைத்தேன். ஆனால் எங்கள் விதியில், கவிதை கொடுப்பவரைத் திருப்பி அனுப்ப இடம் இல்லை. டைப் அடித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகனும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். அண்ணாச்சி உள்ளே வந்ததும் அவனைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"எலே, நீ இங்க எங்க?"

"சும்மாதான்ப்பா. கேக்கலாம்னு."

அவருக்கு முகமெல்லாம் பல். "எம் மகன். ஐ.டி. கம்பெனி. தமிழ் படிக்க வராது, கேக்க வரும்" என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். தெரிந்தவர்களிடமும் சொன்னார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. தாள்களைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மகனுக்கும் கேட்க வேண்டுமே என்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்கவே வாசித்தார்.

தாணேயில் ஏறின கூட்டத்தில்
அப்பாவின் வயிறு என் முகத்துக்கு வந்தது.
சட்டைப் பொத்தான் நெற்றியில் பதிந்தது.
உள்ளே இருட்டு. வேர்வை வாசனை.
அவருக்கு ஒரு கையில் ரிப்பேர் குக்கர்,
ஒரு கை என் பின்தலையில்.
சயான் வரும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது.
இறங்கினதும் குச்சி ஐஸ் வாங்கித் தந்தார்.
ஏன் அழுதாய் என்று அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

குக்கர் என்ற இடத்தில் குரல் நின்றது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். மூடியைத் திருகித் திருகி மூடினார். பிறகு மிச்சத்தை அதே குரலில் வாசித்து முடித்தார். கடைசி பெஞ்சைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். மகன் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வடாலாத் தம்பிதான் முதலில் பேசினான். சந்தோஷமாகப் பேசினான். "அவருக்கு இருக்கிறது ரெண்டு கை. ஒண்ணுல குக்கர். காலியா இருந்த இன்னொண்ணப் பையனுக்குக் குடுத்துட்டாரு. தனக்குப் புடிச்சுக்கக்கூடக் கை இல்ல. அந்தக் கூட்டத்துல எதையும் புடிக்காம நிக்கிறது எவ்வளவு கஷ்டம்! அண்ணாச்சி சொல்ற மாதிரி, கையப் பாருங்க."

செம்பூரில் ட்யூஷன் எடுக்கும் அக்கா அடுத்து. "குச்சி ஐஸ் இருக்கே, அதுதான் எனக்கு. மன்னிப்புக் கேக்கத் தெரியாத அப்பா. பேசத் தெரியாததால வாங்கித் தர்றாரு. பாவம், நல்ல மனுஷர்."

இன்னொருவர், பின்தலை என்பது பச்சைக் குழந்தையைத் தாங்கும் இடம் என்றார். ஒவ்வொருவரும் அண்ணாச்சியிடம் கற்ற வித்தையை அண்ணாச்சிக்கு முன்னால் செய்துகாட்டினார்கள். அவர்கள் பேசப் பேச மகனின் தலை இன்னும் இன்னும் குனிந்தது. எனக்குப் பேச உரிமை இல்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தனை பேரையும் வாயை மூடச் சொல்லிக் கத்த வேண்டும்போல் இருந்தது.

"அண்ணாச்சி, நீங்க" என்றாள் செம்பூர் அக்கா.

அண்ணாச்சி தாளை மறுபடி முதலிலிருந்து பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கை இருந்தது, பாசம் இருந்தது, முடிந்தது. அறை முழுக்க அதற்குத் தயாராக இருந்தது. குழந்தையும் தாராவிக்கு வந்துவிடும்.

"நீங்க எல்லாரும் தினம் ட்ரெயின்ல போறவங்கதான?" என்றார். "தாணேயில ஏறின கூட்டம் எங்க எறங்கும்?"

"குர்லா" என்றான் வடாலாத் தம்பி.

"குர்லாவுல பாதி வண்டி காலியாயிரும். ஒக்கார எடமே கெடைக்கும். பொறவு எதுக்கு அடுத்த ஸ்டேஷன் சயான் வரைக்கும் கை அங்கன இருக்கு?"

குர்லாவில் இறங்கி ஏறியே காலம் தள்ளுகிறவர்கள் நாங்கள். ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

"இந்த அப்பன் அம்பர்நாத்துல தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வாரான். அங்க மச்சான் நாலு பேரு முன்னால கேக்கான், எம்.ஏ. படிச்சுட்டு ஓட்டைக் குக்கர விக்கீரேன்னு. அந்தக் குக்கரத்தான் திரும்பத் தூக்கிட்டு வாரான். பையன் எடம் வேணும்னு அழுதான். வண்டி பூரா திரும்பிப் பாக்கு. ஒருத்தன் சிரிச்சான். இவனுக்கு அன்னைக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். அந்தச் சத்தம் நிக்கணும்."

வடாலாத் தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. "அண்ணாச்சி, இதெல்லாம் கவிதைல இல்லையே?"

"இல்லைதான். அவன் எழுதாம விட்டுருக்கான். அப்பன்மேல வச்ச மரியாதை அது." அவர் தாளைக் கீழே வைத்தார். "பையன் காலால ஒதைச்சான். அதையும் எழுதல. ஒதைச்சது எனக்குத் தெரியும். மூச்சு முட்டுதுன்னு தெரியும். நான் இன்னும் அமுக்கினேன். குர்லாவுல கூட்டம் எறங்குச்சு, ஜன்னல்ல காத்து வந்துச்சு. அப்பவும் எடுக்கல. எடுத்தா மறுபடி அழுவான்னு எடுக்கல."

செம்பூர் அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்த ஐஸு பாசத்துக்கு வாங்குனது இல்ல. வீட்டுல போய்ச் சொல்லிறக் கூடாதுன்னு வாங்குனது. அவன் அம்மாட்ட நானே முந்திக்கிட்டேன். கூட்டத்துல நசுங்கிறாம அணைச்சுக் கூட்டிட்டு வந்தேன்னேன். அவ நம்பிட்டா. சாகிற வரைக்கும் அதைத்தான் எல்லார்ட்டயும் சொன்னா." அவர் முகம் வேர்த்துவிட்டிருந்தது. "இந்த அப்பன் தப்புப் பண்ணினவன். எனக்கு வேற வாசிப்பு இல்ல."

எனக்கு அழுகை வந்தது. எத்தனையோ அப்பாக்களுக்காக வாதாடிய மனிதர், தன் முறை வந்தபோது ஒரு வார்த்தைகூடத் தனக்காகப் பேசவில்லை. அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போலவும் இருந்தது, அந்தச் சின்னப் பையனை நினைத்தால் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போலவும் இருந்தது.

இப்போது எழுதியவர் பேசலாம். மகன் எழுந்து நின்றான்.

"நான்தான் எழுதினேன்" என்றான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் பெஞ்சுகளுக்கு நடுவே வந்து அப்பாவுக்கு எதிரில் நின்றான். அண்ணாச்சி நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"நான் கனவு காணலைல்லப்பா?"

"இல்லய்யா. நடந்துச்சு."

மகன் கண்ணை மூடித் திறந்தான். நெடுநேரம் தலையில் வைத்திருந்த சுமையை இறக்கியவன் முகம் அது. ஆனால் சிரிப்பு இல்லை.

"பாப்பாவ அங்க விட மாட்டேன்ப்பா" என்றான். "நீங்க வாங்க. எப்ப வேணாலும் வாங்க. தூக்கி வச்சுக்கங்க. ஆனா நீங்க தூக்கி வச்சிருக்கும்போது நான் பக்கத்துலயே இருப்பேன்."

"இருடே" என்றார் அண்ணாச்சி. "நீ இருக்கணும்."